வசனமில்லாத படம்

அந்தமானின் லாங் ஐலண்டில் அந்தப் படத்தைக் காட்டிய தேதியை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி, சித்தி மெயின்லாண்டிலிருந்து கல்யாணமாகிக் கப்பலில் வந்ததற்கு அடுத்த ஆண்டு, மழை ஓய்ந்திருந்தது. இதற்குமேல் சொன்னால் ஊகமாகிவிடும்.

போர்ட் பிளேரிலிருந்து எப்போதாவது அரசாங்கப் படகில் படப்பெட்டி வரும். மர மில்லுக்கு முன்னால் திரை கட்டுவார்கள். வருவதெல்லாம் இந்திப் படங்கள். கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு இந்தி எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். படத்து இந்தி சித்தப்பாவுக்கு மட்டுமே பிடிபடும். அவர் ஒவ்வொரு வசனத்தையும் உரக்கத் தமிழில் சொல்வார், அழுகை உட்பட. அதனால் ஊரில் அவருக்குத் துபாஷி என்று பெயர். எங்கள் பாய்க்கு முன்வரிசையில் நிரந்தர இடம். சித்தியும் எல்லாப் படங்களையும் அவர் வாய் வழியாகவே பார்த்துவந்தார்.

அன்று பெட்டியில் வந்தது ரஷ்ய பாலே நடனம்.

"இஸ்மே டயலாக் நஹி, பையா. சிர்ஃப் நாச்," என்றார் ஆபரேட்டர். பேச்சே இல்லையாம், ஆட்டம் மட்டும்தானாம்.

"என்ன துபாஷி, இன்னிக்கு லீவா?" என்றார் மில் மேஸ்திரி. "அப்ப பாயச் சுருட்டுப்பா. எங்க புள்ளைங்க உக்காரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா நகரவில்லை.

படம் ஓடத் தொடங்கியது. வெள்ளை உடைப் பெண்கள் கால்விரல் நுனியில் நின்றார்கள். வரிசையாகத் தலைசாய்த்தபோது, கடல் உள்வாங்கிய சேற்றில் கொக்குகள் வந்து இறங்கியது போலிருந்தது. தோளில் பிறக்கும் நடுக்கம் முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கி விரல்நுனியில் அடங்கும். பின்னாளில் நடனம் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். அந்தக் கைகளை எந்தப் புத்தகத்திலும் காணவில்லை.

வெள்ளை உடைப் பெண்களில் ஒருத்தியின் முன் ஒரு ராஜகுமாரன் வந்து நின்றான். சித்தப்பா தொண்டையைச் செருமினார். "ராஜகுமாரன் சொல்றான்: பெண்ணே, நீ எந்த ஊரு?"

"அவன் ஒண்ணும் சொல்லலீங்க," என்றார் சித்தி மெதுவாக. "அவ பயப்படுறா. கையப் பாருங்க."

சித்தப்பா பார்த்தார். அதன்பிறகு அவர் வசனம் எதையும் இட்டுக்கட்டவில்லை.

அரண்மனை விருந்தில் அந்த வெள்ளை உடைக்காரியின் அதே முகத்தோடு, கறுப்பு உடையில் ஒருத்தி வந்து பம்பரமாகச் சுழன்றாள். ராஜகுமாரன் மயங்கி அவள் பின்னால் போனான்.

"இவ வேற ஆளு," என்றார் சித்தி. "இவகிட்ட அந்தப் பயம் இல்ல."

"அவனுக்குத் தெரியலையா?" என்று கேட்டார் சித்தப்பா, எங்கள் துபாஷி.

"அவன் எங்க கையப் பாத்தான்?"

படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது நான் சித்தப்பாவிடம் கதை கேட்டேன். "உங்க சித்தியக் கேளு," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவமானத்தில் சொல்கிறார் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

அடுத்த இந்திப் படத்துக்கும் பாயை முன்வரிசையில்தான் விரித்தோம். ஆனால் சித்தப்பா பாதி வசனங்களில் சொல்வதை நிறுத்திவிட்டார். நிறுத்தி, சித்தி பக்கம் திரும்பி, "நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டார். பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

அவருக்கு இந்தி மறந்துபோய்விட்டது என்றே நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.