பிள்ளை நித்திரை

அம்மா செத்த முப்பத்தோராம் நாள் சடங்கில் காட்ட, அவவின் படங்களைக் கணினியில் கோத்துக்கொண்டிருந்தேன். பின்னணிக்கு எந்தப் பாட்டைப் போட்டாலும் மனம் ஒப்பவில்லை. எழும்பி நடந்தேன், திரும்ப வந்து இருந்தேன். கடைசியில் அப்பா பத்திரமாக வைத்திருந்த பழைய கசெற் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இரைச்சலுக்குள் ஒரு கோழி கொக்கரித்தது. பிறகு அம்மாவின் குரல்: "பிள்ளை, அப்பாவோட கதையன்."

அனலைதீவில் எங்கள் குசினி. அப்போது எனக்கு ஏழு வயது. அப்பா ஜேர்மனிக்குப் போய் ஒரு வருசம். கடிதத்தோடு குரலையும் பதிந்து அனுப்புவது அம்மாவின் வழக்கம். அன்றைக்குப் புகைந்த விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, றெக்கோடரை என் முன்னால் வைத்தா. எனக்குச் சொல்லாமல் போனவரோடு நான் ஏன் கதைக்க வேணும்? வாயை இறுக்கிக்கொண்டேன். அம்மா என்னையே பார்த்தா. பிறகு றெக்கோடருக்குக் கிட்டக் குனிந்து, "இஞ்சாருங்கோ, பிள்ளை நித்திரை," என்றா.

கசெற்றை நிற்பாட்டித் திரும்பினேன்; அப்பா பின்னால் வந்து நின்றதை இப்போதுதான் கண்டேன்.

"நான் நித்திரை இல்லையப்பா. கோவத்தில கதைக்கேல்லை."

"தெரியும். நீ விம்மினது கேட்டது. அந்த இடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டனான்."

பாட்டையெல்லாம் அழித்தேன். அம்மா பொய் சொல்லும் அந்தத் துண்டை அவவின் முதல் படத்தோடு சேர்த்தேன்.