வந்துட்டுப் போங்க

அந்த வாரம் என் தங்கையின் கணவர் வளைகுடாவில் இன்னொரு ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட இருந்தார். போட்டால், மகள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அங்கேதான். போடாமல் ஊருக்கே வந்துவிட வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. ஆனால் போனில் சொல்ல முடியவில்லை. அறையில் உடன் தங்கியிருப்பவர்களின் சத்தம், மாடி கட்டுகிற பேச்சு, பாதியில் அறுகிற சிக்னல். அவள் வாய் திறப்பதற்குள் அழைப்பு முடிந்துவிடும். "மூணு நிமிசம் யாரும் குறுக்க பேசாம அவரு கேக்கணும்ணே" என்றாள்.

நான் பள்ளி ஆசிரியன். படங்களையும் குரலையும் கோத்துக் கணினியில் கதை செய்யும் பயிற்சி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் எழுது, பிறகு படம் எடு. அங்கே கற்றது அவ்வளவுதான். அவளுக்கும் மூன்று நிமிடத்தில் அப்படி ஒரு வீடியோ செய்து தருவதாகச் சொன்னேன். அறந்தாங்கியில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் படம், வலப்பக்கம் அவள் குரல்.

வலப்பக்கம் எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். கவிதை எழுதிப் பழகிய கை, நிறுத்தத் தெரியாத கை. கட்டுமாவடிக் கரை, ஆளில்லாத படகு, அலை திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே கேள்வி, எல்லாம் வந்து விழுந்தன. படித்தவள் பேனாவைப் பிடுங்கிக் கோடு கோடாக அடித்தாள்.

"கட்டுமாவடிக்கு நான் மீன் வாங்கக்கூடப் போனதில்ல. மச்சான் எழுதிக் குடுத்தாரான்னு சிரிப்பாரு."

இடப்பக்கத்துக்குப் படம் தேடினோம். இருந்தவை பெரும்பாலும் மாப்பிள்ளை வீடியோ அழைப்பின்போது அங்கிருந்தே திரையைப் படம் பிடித்து அனுப்பியவை. புது வீட்டில் பால் பொங்குகிறது. மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவர். மகளுக்குக் காது குத்துகிறார்கள். மூலையில் அவர், வாய் திறந்தபடி, சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. எந்தப் படத்திலும் தங்கை இல்லை. போனைப் பிடித்துக் காட்டியவள் அவள்தான்.

கடைசி வரிக்கு வந்தோம். 'ஒரு தடவை வந்துட்டுப் போங்க' என்று எழுதினேன். ஓசை நன்றாக விழுந்தது, எனக்கே பிடித்திருந்தது. அவள் முகம் இறுகியது.

"இதத்தான் இத்தன வருசமாச் சொல்றேன். அவரும் வந்துட்டுப் போயிக்கிட்டுத்தான இருக்காரு. அந்தப் 'போங்க'வ எடுண்ணே."

எடுத்தேன். 'வந்துருங்க' என்று மாற்றினேன். தாளில் அந்தச் சொல் துணைக்கு ஒன்றுமில்லாமல் நின்றது. அதற்கு எதிரே, இடப்பக்கத்தில், மகள் படம் என்று எழுதப் போனேன். அவள் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மறைத்தாள்.

"பிள்ளயக் காட்டிக் கூப்பிட்டா வந்துருவாரு. நான் கூப்பிட்டா வருவாரான்னு தெரியணும்."

வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் எழுந்து, தலையைக்கூட வாராமல், கொல்லைக் கதவோரம் வெளிச்சத்தில் போய் நின்றாள். நான் எடுத்த முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவதில் அவள் நேராகப் பார்த்தாள். குரல் பதிவில் மற்ற வரிகளையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தவள், அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அந்த இடைவெளியை நான் வெட்டவில்லை.

மறுநாள் வீடியோவை அனுப்பினோம். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பிறகு போன் அடித்தது. என்னைக் கொல்லைக்குப் போகச் சொன்னாள்.

சன்னல் வழியாக அவள் குரல் மட்டும் கேட்டது. ம் என்றாள். இன்னொரு ம்.

"இல்ல, பிள்ள கேக்கச் சொல்லல. நாந்தான் சொல்றேன்."

நான் வாளியில் கிடந்த துணியை எதற்கென்று தெரியாமல் பிழிந்தேன். அழைப்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்க்கப் போனேன். அப்போது அவள் கேட்டாள்:

"டிக்கெட்டு திருச்சிக்கா, மதுரைக்கா?"