கீழ் வரிசை ஏழு குழிகள்

மார்ச் 5, புதன்கிழமை, காலை 8.40. பனி விலகி நல்ல வெயில். இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய சரிவில் நின்றேன். அங்கே இருபது தனி வீடுகள் வரப்போகின்றன. முப்பத்தொரு வருடம் அரசாங்கத்துக்கு மண் பார்த்து ஓய்வு பெற்ற என்னை வீடமைப்புக் காரியாலயம் ஒரு நாள் கூலிக்கு அழைத்திருந்தது. மழையில்லாத மாதமாகப் பார்த்து மண் பரிசோதனையை வைத்த அவர்களின் தூரநோக்கை மெச்ச வேண்டும். காய்ந்து கிடந்தால் எந்த மண்ணும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும்.

வேலை எளிது. வீட்டுக்கு ஒரு குழி வெட்டி, முதல் நாளே தண்ணீர் ஊற்றி ஊற வைப்பார்கள். மறுநாள் மறுபடி நிரப்பி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பார்ப்போம். பெர்கலேசன் டெஸ்ட் என்று பெயர். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் அங்கே மலசலகூடக் குழி ஆகாது. யாரோ இதைத் தோட்டத்து மக்களிடம் பரீட்சை என்று சொல்லிவிட்டார்கள். இருபது குழிக்கும் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள்.

மேல் வரிசைப் பதின்மூன்றும் ஒழுங்காகக் குடித்தன. கீழ் வரிசை ஏழிலும் களிமண். கால் மணித்தியாலமாகியும் நீர் அசையவில்லை. தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தால், ஏழு குழியிலும் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. களிமண் தொழிற்சங்கம் அமைத்து இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்ததை நான் கண்டதில்லை.

கீழ் வரிசையில் வீடு கிடைக்கவிருந்த செல்வராணி அங்கே நின்றார். முதுகுக்குப் பின்னால் ஈரப் பேசின்.

"பாஸுங்களாய்யா?"

"தண்ணி எங்கம்மா போச்சு?"

"மண்ணு குடிச்சிருச்சுங்க."

"பேசின்ல மொண்டா குடிச்சுச்சு?"

அவர் சிரிக்கவில்லை. "ஃபெயில்னு எழுதுனா வீடு வேற தோட்டத்துக்குப் போயிருமாம். லயத்துல ஒரே ஒரு காம்பரா, அந்த ஒரு ரூமுக்குள்ள எட்டுப் பேரு படுக்குறோங்க. ஒங்களுக்கென்ன, எழுதிட்டு பஸ் ஏறிருவீங்க."

காரியாலயப் பொறியியலாளருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "பாஸ்னு போட்டு அனுப்புங்க சேர்" என்றார். என்னைவிட அந்தப் பேசினுக்கே கூலி கொடுத்திருக்கலாம்.

மறுநாளும் போனேன், யாரும் கூப்பிடாமல். ஏழு குழியையும் மறுபடி நிரப்பி, அந்தந்த வீட்டுக்காரரையே பக்கத்தில் உட்கார வைத்து, கையில் அடிமட்டத்தைக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்தும் செல்வராணியின் குழியில் கால் அங்குலம்கூட இறங்கவில்லை.

"மண்ணு குடிக்கலன்னா, கழிவுத் தண்ணி எங்கங்கய்யா போகும்?"

"நிரம்பி வழியும். வழிஞ்சா அங்கதான்" என்று சரிவின் அடியைக் காட்டினேன். லயத்து வீடுகளுக்கெல்லாம் குடிதண்ணீர் தரும் பீலி அங்கே கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் பக்கத்துக் குழிக்காரியைப் பார்த்துக் கத்தினார். "அடியே, நம்ம கக்கூஸ நம்மளே குடிக்கப் போறமாடி?"

மறுபடி போன். இம்முறை ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன சேர் நீங்க, மண்ணு போகப் போகப் பழகிரும்" என்றார் பொறியியலாளர்.

செல்வராணி போனைப் பறித்துக்கொண்டார். "மண்ணு பழகும் சேர், எங்க புள்ளைங்க வயிறு பழகுமா? வீடு கட்டுனதும் பீலியில ஒரு போத்தல் புடிச்சு அனுப்புறேன். மொதல்ல நீங்க குடிச்சுப் பழகுங்க."

மறுமுனை, "வேற வழி இருந்தா எழுதுங்க சேர்" என்றது.

இருந்தது. பீலிக்கும் கீழே, பாதையோரத்தில் மண் இளக்கமாகத் தெரிந்தது. அன்றே இரண்டு ஆட்களைப் பிடித்துக் குழி வெட்டி, ஊற வைத்து, அடுத்த நாளும் வந்து அளந்தேன். ஓர் அங்குலத்துக்குப் பதினெட்டு நிமிடம். ஏழு வீட்டுக் கழிவும் குழாயில் பீலியைத் தாண்டி அங்கே பொதுக் குழிக்குப் போகட்டும் என்று எழுதினேன். ஐந்து வாரம் யோசித்து ஒப்புக்கொண்டார்கள். இருபது வீடும் அதே தோட்டத்தில்தான்.

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர் கையில் அடிமட்டத்தைக் கொடுங்கள். உங்கள் அறிக்கையை அவர் பார்த்துக்கொள்வார்.

காரியாலயம் முதல் நாளுக்கு மட்டும் கூலி தந்தது. மற்ற இரண்டு நாளும் என் சொந்த ஆர்வமாம். அந்த ஆர்வத்துக்கு பஸ் 640, அடிமட்டம் ஏழு 560, குழி வெட்டிய இருவருக்கு 4,000. ஆக, ரூபா 5,200.