கொச்சி மருமகள்

கொச்சியை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. ஆனால் எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில் காவ்ஃபீல்ட் பக்கத்து யூதக் குடும்பங்கள் நாலைந்தைக் கேட்டிருந்தால், நான் கொச்சியிலேயே பிறந்து கொச்சியிலேயே வளர்ந்தவள் என்று அடித்துச் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லிவைத்தவர் என் மாமியார். மறுக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள் நான்.

நான் யாழ்ப்பாணத்தாள். டண்டினொங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற வேலை. அங்கேயே எக்ஸ்ரே எடுக்கும் பகுதியில் வேலை செய்தவரைத்தான் கட்டினேன். அவர் யூதர். ஹங்கேரியிலிருந்து கைக்குழந்தையாகத் தாயோடு தப்பி வந்தவர். தாய்க்கு மிஞ்சியிருந்தது இவரும் தன் தங்கையும்தான், மற்றவர்களெல்லாம் யுத்தத்தில் அங்கேயே செத்துப்போனார்கள். யூதர்களில் பிள்ளை தாய் வழி. தாய் யூதப்பெண் இல்லையென்றால் பிள்ளையும் யூதப்பிள்ளை இல்லை. அதனால் கலியாணத்துக்கு முன்னம் நான் மதம் மாறவேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நின்றார். நானும் சரி என்றேன். கடவுள் விஷயத்தில் எனக்கு அப்போது பெரிய பிடிப்பு ஒன்றும் இருக்கவில்லை. பிடிப்பு வந்தது பிறகு, படிக்கப் படிக்க.

மாறுவது லேசு என்று நினைத்திருந்தேன். ஊரில் புத்தகக் கட்டோடு படலையைத் திறந்துகொண்டு வந்து ஆள் பிடிக்கிறவர்களைக் கண்டு பழகியவள் நான். வருகிறவளை வேண்டாம் என்று அனுப்புகிற மதம் எனக்குப் புதினமாக இருந்தது. ரபி என்று சொல்லப்படும் யூத மதகுரு முதல் தரம் என்னைக் கதிரையில்கூட இருக்கச் சொல்லவில்லை. "உனக்கு என்ன குறை? நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போ" என்றார். இரண்டாம் தரமும் அதே கதை. எங்கள் வீட்டு ரோசத்துக்கு, இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று வந்திருக்க வேண்டும். திருப்பி அனுப்புவது அவர்களுடைய வழக்கம், திரும்பவும் வருகிறாளா என்று பார்ப்பதற்குத்தான் அது என்று என்னவர் சொன்னபிறகு மூன்றாம் தரம் போனேன். அதன்பிறகு படிப்பு, சோதனை, இன்னும் படிப்பு.

கடைசியில் முழுக்கு. கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து வளர்ந்தவள், உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் அந்தத் தொட்டித் தண்ணீருக்குள் இறங்கினேன். கூட நின்ற பெண் மூக்குத்தியையும் கழற்றச் சொன்னாள். வெட்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முழுகி எழும்பினேன். எழும்பியபோது நான் யூதப்பெண்.

கலியாணம் முடிந்து முதல் சனிக்கிழமை. தொழுகைக்கூடத்தில் பெண்கள் இருக்கிற மேல்மாடியில், மாமிக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன். முன் வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மருமகள் எந்த இடம்?" என்று மாமியிடம் கேட்டாள்.

"கொச்சி" என்றார் மாமி. கண் இமைக்கவில்லை. கொச்சியில் நெடுங்காலமாக யூதர்கள் இருக்கிறார்கள் என்று எங்கேயோ படித்திருந்தாராம். நிறத்துக்கும் அது பொருந்தியது.

வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தேன். மாமியும் நானும் இங்கிலீசில்தான் பேசுவோம். ஆனால் அவர் பேசுவது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் கேட்கும்.

"உங்களுக்கு என்னை நினைக்க வெட்கமா மாமி?"

"விசர்க்கதை கதைக்காதை. மாறி வந்தவளுக்கு அவளின்ரை பழசை நினைவுபடுத்தக்கூடாது. அது எங்கட சட்டம்."

"அதுக்குப் பொய் சொல்லவேணும் எண்டும் சட்டமோ?"

மாமி மேசையில் இருந்த பாண் ரொட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினார். அவருக்கு வெட்கம்தான், எனக்கு விளங்கியது. மாறி வந்தவளைத் தன் பெண்ணாக நடத்து என்கிற சட்டம் ஒரு பக்கம். ஒரே மகன் வெளியே போய்க் கட்டிவிட்டான் என்று சீட்டாட்டச் சிநேகிதிகள் குசுகுசுப்பார்களே என்கிற பயம் இன்னொரு பக்கம். நடுவில் நின்று கொச்சி என்று ஒரு ஊரைக் கண்டுபிடித்தார். நானும் பேசாமல் விட்டேன். உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் அது வசதியாக இருந்தது. மாறினவள் என்று தெரிந்தால் சிலர் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்கள், உரக்கப் பேசுவார்கள், மெழுகுதிரி எப்படிக் கொளுத்துவது என்று சொல்லித் தருவார்கள். கொச்சிக்காரியாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

பிறகு வயிற்றில் பிள்ளை வந்தது. ஏழாம் மாதம். மாமி ஒருநாள் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்ப ஒரு கதை கிளம்பினால், அது பிள்ளையோடை சேர்ந்து வளரும். கவனமாய் இரு." அதிலிருந்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. சட்டப்படி என் பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் கண்ணாலே சொல்லலாமே.

அந்தக் குளிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், மாமியின் தங்கை வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற, நல்ல மனமும் ஓட்டை வாயும் உள்ள மனுசி. அந்த வாய்க்குப் பயந்து மாமி அவருக்கும் கொச்சி என்றே சொல்லிவைத்திருந்தார். கூட ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட், கையுறை, என்னைவிடக் கொஞ்சம் வெளுத்த நிறம்.

"சிட்னியிலயிருந்து வந்து என்னோடை நிக்கிறா. ஆர் தெரியுமே? உன்ரை ஊர். கொச்சி" என்று சின்ன மாமி என்னைப் பார்த்துச் சொன்னார். பிறந்தநாள் பரிசு கொடுக்கிறவரின் முகம்.

நான் மாமியைப் பார்த்தேன். பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

என்னவர் திராட்சை இரசக் கிண்ணத்தைத் தூக்கிப் பிரார்த்தனை சொன்னார். பாணை வெட்டினோம். மீன் சாப்பிட்டோம். நான் அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டு இருந்தேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பிறநாட்டில் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது எந்தத் தெரு, மூன்றாவது ஆருடைய பிள்ளை. அதற்குள் சாதியும் சாதகமும் வெளியே வந்துவிடும். கொச்சிக்காரியும் அப்படித்தான் கேட்பாள் என்று நினைத்தேன். அவளோ ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையைவிட்டுத் தலை நிமிர்த்தவில்லை. சின்ன மாமி மட்டும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ஏன், உங்கட பாசையில கதையுங்கோவன்" என்று தூண்டிக்கொண்டிருந்தார்.

சூப் எடுத்து வருகிறேன் என்று நான் குசினிக்குள் தப்பி ஓடினேன். அவள் பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தினாள். போச்சு என்று நினைத்தேன்.

அவள் என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சினிமா பார்த்துப் பழகிய தமிழும் மலையாளமும் கலந்து பேசினாள்.

"என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டாதே, கேட்டோ. உனக்கு எங்க வீடு தெரிஞ்சிருக்கும். யாரிடமும் சொல்லாதே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்தை அக்கா?"

"எங்க ஆளுங்க பள்ளிக்கு வெளியே படியில இருக்கிறவங்க." யூதத் தொழுகைக்கூடத்தை அங்கே பள்ளி என்று சொல்வார்களாம். "உள்ளே பெஞ்சில இருக்க விட மாட்டாங்க. எங்க குடும்பத்தில பழைய காலத்து அம்மா ஒருத்தி விலைக்கு வாங்கின அடிமையாம். அப்புறம் மதத்தில சேர்த்தாங்களாம். அவ பிள்ளை, பிள்ளையோட பிள்ளை, எல்லாரும் படியில, தரையில. நான் சின்னதா இருக்கும்போது என் அப்பா அங்கேதான் இருந்து தொழுவார். அதெல்லாம் இப்போ மாறிப்போச்சு. சிட்னியில யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. நீ பெரிய வீட்டுப் பெண்ணா இருப்பே. உன் காலைப் பிடிக்கிறேன், சொல்லிடாதே."

எனக்குப் பயந்து வந்தவள் அவள். நான் அவளுக்குப் பயந்துகொண்டிருந்தேன். வேறொருத்தி என்றால் அந்த இடத்திலேயே சிரித்து, கட்டிப்பிடித்து, அழுதிருப்பாள்.

நான் செய்தது வேறு. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் சில பேர் வெறும் நிலத்தில் குந்தியிருப்பார்கள். வேலைக்கு வருகிறவர்கள். வீட்டுக்குள் வரமாட்டார்கள், அவர்களுக்குத் தேத்தண்ணீர் தேங்காய்ச் சிரட்டையில்தான். பிறந்த நாளிலிருந்து பார்த்தது. ஏன் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அடிமை, படி, தரை என்கிற சொற்கள் காதில் விழுந்ததும் என் கை அவள் கைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. நான் யோசித்து இழுக்கவில்லை. அதுவாக வந்தது.

அவள் தன் வெறும் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பழகிப்போன ஒன்றைத் திரும்பவும் கண்டவளின் பார்வை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எதையாவது சொல்லி மூடவேண்டும் என்று பதறி, மடமடவென்று கொட்டினேன். "அக்கா, நான் கொச்சி இல்லை. யாழ்ப்பாணம். மதம் மாறி வந்தனான். மாமிதான் அப்பிடிச் சொல்லி வைச்சவ. உங்களை எனக்கு ஒரு அறிமுகமும் இல்லை. பயப்படாதேங்கோ."

"நீயும் சேர்ந்தவதானா?"

"ஓம்."

"அப்போ எதுக்குக் கையை இழுத்தே?"

அவள் அடுப்பில் இருந்த சூப்புப் பானையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னால் வெறுங்கையோடு போனேன்.

"என்ன, சொந்தம் கண்டுபிடிச்சாச்சோ?" என்றார் சின்ன மாமி.

கொச்சிக்காரி பானையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தாள். வந்ததிலிருந்து அவள் நிமிர்ந்தது அப்போதுதான். எல்லோருக்கும் விளங்குகிற இங்கிலீசில் சொன்னாள்: "இல்லை. இவளுடைய ஆட்கள் எங்கள் பள்ளிக்குள் இருக்கிறவர்கள் இல்லை. வெளியே, படியில் இருக்கிறவர்கள்."

"வெளியிலயோ? ஏன்?" என்று கேட்டார் சின்ன மாமி.

மாமியின் கையில் அகப்பை அந்தரத்தில் நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. தன் இடத்தை என் தலையில் தூக்கிப் போட்டுவிட்டாள் என்று. ஒரு வசனம் போதும், அவளை அந்த மேசையிலேயே கவிழ்த்துவிடலாம். வாயைத் திறந்துவிட்டேன். அப்போது மேசை விரிப்பு ஆடியது. அவளுடைய கைகள் அதற்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தன.

"மாறி வந்த ஆக்களை அங்க வெளியிலதான் இருத்தினவையாம்" என்றேன். "நானும் மாறினவள்தான் சின்ன மாமி. கொச்சி இல்லை. யாழ்ப்பாணம்."

என்னவர் என் தோளில் கை வைத்தார். சின்ன மாமி முகம் சிவந்து, கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது. பிள்ளை உள்ளே ஒருதரம் உதைத்தது.

மாமிதான் முதலில் வாய் திறந்தார். "கொச்சி எண்டு சொன்னது நான். அவள் ஒருநாளும் சொல்லேல்லை. என்ரை மருமகள் எந்த ஊரிலயிருந்து வந்தாலும் என்ரை மருமகள். போதும். சூப் ஆறுது." பிறகு முதல் கோப்பையை எனக்கு வார்த்தார். விருந்தாளிக்கு அல்ல, எனக்கு.

போகிற நேரம் கொச்சிக்காரி மாமிக்குக் கை கொடுத்தாள், கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள். என்னிடம் வந்ததும் கையுறைகளைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கோட் பைக்குள் விட்டுக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு இருட்டுக்குள் இறங்கிப் போனாள்.

மாமி அதைக் கண்டுவிட்டார். கதவு சாத்தியதுதான் தாமதம், வெடித்தார். "பாத்தியே? மாறினவள் எண்டு தெரிஞ்சவுடன உனக்குக் கை குடுக்கேல்லை. இவளும் ஒரு யூதப்பெண்ணே? மாறி வந்தவளின்ரை மனத்தை நோகப்பண்ணக்கூடாது எண்டு எங்கட வேதத்தில எத்தினை இடத்தில சொல்லிக்கிடக்கு. இனி அவள் இந்த வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது." சொல்லிக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். கலியாணம் கட்டி வந்து அதுதான் முதல் தரம். கட்டிப்பிடித்தபடி அழுதார்.

அதுக்கில்லை மாமி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அணைப்பை விட மனம் வரவில்லை.

மாமி அதோடு கொச்சியை விட்டுவிட்டார். யார் கேட்டாலும், "என்ரை மருமகள் யாழ்ப்பாணம், மாறி வந்தவள்" என்று தலை நிமிர்ந்து சொன்னார். மகள் பிறந்தாள். ஒருவரும் கண்ணாலும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாமி விடவும் இல்லை. ஆனால் மெய்யைச் சொல்லிவிட்டு அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வார். கொச்சிக்காரி ஒருத்தி வந்தாள், சாப்பிட்டாள், என் மருமகளுக்குக் கை கொடுக்காமல் போனாள் என்று. வருடக்கணக்காகச் சொன்னார். சிட்னிவரை அந்தக் கதை போயிருக்கும்.

அவர் சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்திலேயே இருப்பேன். கேட்கிறவர்களுக்கு மனம் இளகிவிடும். எழும்பி வந்து, பாவம் பிள்ளை என்று, என் வலது கையைப் பிடித்துக்கொள்வார்கள்.