மகள் தெரிந்தெடுத்த இரண்டு பாடங்கள்

என் மனிசி செத்துச் சில மாதங்களில் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் புது செமஸ்டர் தொடங்கியது. எந்தெந்தப் பாடங்களை எடுக்கலாம் என்ற விபரத்தை லப்டொப்பில் திறந்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்தாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். பொருளியல், புள்ளிவிபரவியல், அரசறிவியல், புவியியல் என்று நல்ல நல்ல பாடமெல்லாம் இருந்தன. நான் காப்புறுதிக் கொம்பனியில் கணக்குப் பார்க்கிற ஆள். முதல் இரண்டையும் எடுத்தால் நாளைக்கு ஒரு வங்கிக்குள் நுழைந்துவிடலாம் என்று என் மனதுக்குள் எல்லாம் முடிவாகியிருந்தது.

அவள் தெரிவு செய்தது மானிடவியல் அறிமுகம், தொல்லியல் அறிமுகம்.

"எலும்பு பொறுக்கப் போறியோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றாள். திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளவத்தையில் எங்கள் பிளட்ஸில் லிஃப்டுக்குள் ஏறினாலே, "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்காத சனம் இல்லை. மேல் மாடிப் பெடியன் கணக்கியல், கீழ் மாடிப் பெட்டை கொம்பியூட்டர். நான் என்னத்தைச் சொல்லுறது? இது கிடங்கு கிண்டுகிற படிப்பு என்றா? மனிசி இருந்திருந்தால், "பேசாமல் இருங்கோ, அவள் விரும்பினதைப் படிக்கட்டும்" என்று ஒரே சொல்லில் என் வாயை அடைத்திருப்பாள். அடைக்க ஆளில்லாமல் அன்று நான் கத்தினேன். மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு லப்டொப்பை மூடினாள். பாடத்தை மாற்றவில்லை.

உள்ளதைச் சொன்னால், என் கோபம் பாடத்தில் இல்லை. தாய் செத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை அழவேயில்லை. செத்தவீட்டில் வந்த சனத்துக்கெல்லாம் கதிரை போட்டாள், சோடா கொடுத்தாள், அயலட்டைச் சனத்தின் பெயர்களைப் பிழையில்லாமல் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு தாயைப் பற்றி ஒரு கதையும் இல்லை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். உள்ளுக்குள்ளேயே வைத்து வைத்து இவளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று எனக்குச் சரியான பயம். அந்தப் பயம் வெளியே வரும்போது கத்தலாகத்தான் வந்தது.

வகுப்புத் தொடங்கினாப் பிறகு வீட்டில் ஒரே கேள்வி. வெள்ளிக்கிழமை ஏன் மச்சம் சமைப்பதில்லை, விளக்கு வைத்தாப் பிறகு ஏன் உப்புக் கொடுப்பதில்லை, சாமியறைப் படங்களை ஆர் இந்த ஒழுங்கில் வைத்தது. பழகின விசயத்தை முதல் தரம் பார்க்கிற ஆள் மாதிரிப் பார்க்கோணும் என்று விரிவுரையாளர் சொன்னாராம். "இதுக்கும் ஒரு செமஸ்டரோ?" என்று நான் நக்கலடிப்பேன். ஆனால் கேள்வி கேட்கவாவது வாயைத் திறக்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல்.

தொல்லியலின் கூத்து வேறு. கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய பைகளோடு வந்தா. மனிசியின் சேலைகளை எடுத்து ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அலுமாரியைத் திறந்து அக்கா கையை வைக்கப் போக, மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஒண்டையும் அசைக்காதேங்கோ மாமி. முதல் படம் எடுக்கோணும்."

"என்னத்துக்கு?"

"ஒரு சாமானை எடுக்க முதல் அது எங்கை, எப்பிடிக் கிடந்தது எண்டு பதியோணும். எடுத்தாப் பிறகு ஒருத்தராலையும் அதைத் திருப்பி அப்பிடி வைக்கேலாது. முதல் வகுப்பிலயே சொல்லித் தந்தவை."

"விசர்க்கதை கதையாதை. இது உன்ர அம்மான்ர அலுமாரி, அனுராதபுரமில்லை!"

அக்கா என்னைப் பார்த்தா. நான் சுவரைப் பார்த்தேன். மகள் ஒவ்வொரு தட்டாகப் படம் எடுத்தாள். அளவு தெரிய வேண்டுமாம், பள்ளிக்கூட அடிமட்டத்தைச் சேலை மடிப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். கடைசியில் அக்காவே கட்டிலில் இருந்து, தன் கைபட ஒவ்வொரு சேலையாக எடுத்து, "இது உங்கட வீடு குடிபூரலுக்கு எடுத்தது, இது என்ர மகன்ர கலியாணத்துக்கு" என்று சொல்லத் தொடங்கினா. சேலைகளுக்குள்ளேயிருந்து, நான் முகம் துடைக்கிற பழைய கைலேஞ்சி ஒன்று வந்தது. அதை நான் தேடித் திரிந்து, பிறகு தொலைந்ததென்று விட்டது. அக்கா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதா. மகள் மட்டும் அடிமட்டத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

செமஸ்டரின் பாதியில் மானிடவியலுக்கு ஒரு ஒப்படை வந்தது. தங்கள் சமூகத்தில் நடக்கிற ஒரு சடங்கைப் பற்றி, அதில் பங்குபற்றின ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டும். ஒரு பின்னேரம் நான் ரீ குடித்துக்கொண்டிருக்க, மகள் வந்து எதிரில் இருந்து போனை மேசையில் வைத்து, ஒலிப்பதிவைப் போட்டாள்.

"என்ன சடங்கு?"

"அம்மான்ர செத்தவீடு."

கோப்பையை வைத்த வேகத்தில் ரீ மேசையெல்லாம் சிந்தியது. "உனக்கு ஈவிரக்கம் இல்லையோ? பெத்த தாயின்ர செத்தவீடு உனக்கு மார்க்ஸ் எடுக்கிற சாமானோ? அழுதியா நீ ஒரு நாளாவது?"

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அவள் எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. துணியை எடுத்துவந்து மேசையைத் துடைத்துவிட்டுத் திரும்ப அதே கதிரையில் இருந்தாள்.

"ஒப்படைக்கு வேற செத்தவீட்டை எழுதலாம் அப்பா. அது பிரச்சினையில்லை. அம்மாவைக் கொண்டு போனாப் பிறகு என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. பொரளையில அம்மாவை வைச்சிருந்த மலர்ச்சாலை வாசலோட மாமி என்னை மறிச்சுப்போட்டா. பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லையாம். நீங்கள் எல்லாரும் போனியள். வந்து குளிச்சனீங்கள், சாப்பிட்டனீங்கள். அதுக்கு நடுவில நடந்தது ஒண்டும் என்னட்டை இல்லை. ஒருத்தரும் சொல்லவுமில்லை. எனக்குக் கேக்கவும் தெரியேல்லை. வகுப்பிலதான் கேக்கப் பழகினனான்."

கடற்கரைப் பக்கம் றெயின் ஒன்று போனது.

"போனை நிப்பாட்டு," என்றேன். நிற்பாட்டினாள்.

சொன்னேன். ஆம்பிளைப் பிள்ளை இல்லாதபடியால் நான்தான் கொள்ளி வைத்தேன் என்று சொன்னேன். கனத்தைச் சுடலையில் எங்களுக்கு முன்னால் இன்னொரு செத்தவீடு இருந்ததையும், மரத்துக்குக் கீழ் காத்துக்கொண்டு நின்றதையும், தேவாரம் பாடின ஐயாவுக்கு இடையில் குரல் அடைத்ததையும் சொன்னேன். பெட்டியை உலை வாசலில் சில்லு வைத்த தட்டில் வைத்தார்கள் என்று சொன்னேன். அதோடு நிற்பாட்டப் பார்த்தேன்.

"பிறகு?"

"பிறகு, தள்ளுறதுக்கு ரெண்டு சிங்களப் பெடியள் வந்தவங்கள். அவங்கள் பெட்டியில கை வைக்க, நான் என்னையறியாமல், 'ஹெமின், மல்லி' எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில அம்மாவை ஸ்கானுக்கு ட்ரொலியில கொண்டு போவாங்கள் எல்லே. சில்லு ஒரு கல்லில ஏறினாலும் அவவுக்கு இடுப்பெலும்பு உயிர்போற நோ. என்ர கையை இறுக்கிப் பிடிப்பா. நான் பக்கத்தில நடந்து நடந்து ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்லிக்கொண்டு போவன். மெதுவாத் தள்ளு தம்பி எண்டு. அந்தப் பழக்கத்தில வந்திட்டுது. செத்த ஆளுக்கு நோகுமோ? எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தவை. எனக்கு வெக்கமாப் போச்சு. அதுதான் நான் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அந்தப் பெடியள் சிரிச்சவங்களோ?"

"இல்லை. ஒருத்தன் என்னைப் பாத்து, 'ஹரி, மஹத்தயா' எண்டான், சரி ஐயா எண்டு. பிறகு மெதுவாத் தள்ளினவங்கள். சரியான மெதுவா."

"குலுங்கேல்லையோ?"

"குலுங்கேல்லை."

அவளுடைய வாய் கோணிக்கொண்டு போனது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மேசையில் கவிழ்ந்தாள். முதலில் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் ஆடியது. பிறகு வந்தது. அடுத்த பிளட்டுக்கும் கேட்டிருக்கும். நான் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்று தலையைத் தடவினேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

முகத்தை எடுக்காமலே கேட்டாள்: "அம்மாக்கு நோகேல்லை என்ன, அப்பா?"

"இல்லை பிள்ளை," என்றேன். "நோகேல்லை."