வாசலில் நின்ற கால்

ஒரு மனுசனுடைய காலைச் செருப்பு என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினார்கள். அதைக் கேட்ட ஒருத்தனுக்கும் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது. வருஷங்கள் போயும் ஆறவில்லை.

சைஃபுல்லா பாய் நாரணாபுரம் பக்கம் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கியவர். நான் அங்கே லோடு ஏற்றுகிறவன். லாரி மோதி இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பிறகு, ரப்பர் பாதம் வைத்த செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். மருந்து அறைக்குள் செருப்பு ஆகாது. போர்மேன் முத்துக்கிருஷ்ணன் முதல் நாளே வாசலில் மறித்தார்.

“பாய், ரப்பர்னா செருப்புதான். கழட்டிட்டுப் போங்க.”

“ஒத்தைச் செருப்பு அண்ணாச்சி. களவு போகாது, அதுவும் நல்லதுதான்.”

சிரித்தபடி கழற்றினார். தினமும் கம்பை ஊன்றிப் போய் உள்ளே உட்கார்ந்து கலக்கினார். கால் மட்டும் மற்றவர்களின் செருப்புகளுக்கு நடுவே நிற்கும். காலையில் வெளியே பார்த்து வைப்பார். சாயங்காலம் அது உள்ளே பார்த்து நிற்கும். கேட்டால் யாரும் தொடவில்லை என்பார்கள். பெண்கள் அந்த வாசலைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஆயுத பூசை அன்று போர்மேன் தராசு, சல்லடை, கதவு நிலை எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து அந்தக் காலுக்கும் வைத்துவிட்டார். பாய் துண்டால் துடைத்தார்.

“சாமிக்கு வச்சதைத் துடைக்கீகளே!”

“இது சாமான் இல்ல அண்ணாச்சி. என் காலு. என் உடம்புல நான் பொட்டு வைக்கிறதில்ல.”

துடைத்தும் ரப்பரில் சிவப்பு தங்கிவிட்டது.

அடுத்த வாரம் பக்கத்து அறை வெடித்தது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். அவர்கள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. எங்கள் பக்கம் கதவெல்லாம் பெயர்ந்து விழுந்தது. கால் விழவில்லை. புழுதி அடங்கிப் பார்த்தபோது, வெடித்த அறையைப் பார்த்துத் திரும்பி நின்றது.

“பொட்டைத் துடைச்ச கை” என்று பேச்சு கிளம்பியது. பாய் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கம்பெனி அவரை நிறுத்தியது. உத்தரவில் எழுதிய காரணம்: செருப்புடன் மருந்து அறைக்குள் நுழைந்தார்.

கால் இல்லாதவன், பாய் என்பதற்காகத்தான் அனுப்பினார்கள் என்று லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த வரியை அடிக்க வேண்டும். வாய்தாவுக்கு மேல் வாய்தா போனது. அதற்குள் நெஞ்சு வியாதி அவரைப் படுக்கையில் தள்ளியது.

விருதுநகரில் அவர் வீட்டுக்குப் போனேன். கால் கட்டிலோரம், தெருவாசலைப் பார்த்து நின்றது.

“நான் திருப்பி வைக்கல அண்ணே,” என்றார் அவர் மனைவி மெகருன்னிசா, நான் கேட்காமலே.

பாய் என் கையைப் பிடித்தார்.

“ஏ செந்தூர்பாண்டி, அடுத்த வாய்தாவுக்கு நான் இருக்க மாட்டேன். கேஸை இவ நடத்துவா. நீ காலைத் தூக்கிட்டு வா. அந்தச் செவப்பைக் கழுவிராத. என் பேரைக் கூப்பிடுறப்ப அதை மேசை மேல நிறுத்து. செருப்புக்கு எவன்லே பொட்டு வைப்பான்னு கேளு.”