எண்ணெய் தடவாத கதவு

பூசையில் சாமியார் மக்களைப் பார்த்து நிற்கும் புது முறை வந்த பிறகு கட்டிய கத்தோலிக்கக் கோயில் அது. பீடம் நடுவில், மூன்று பக்கமும் பெஞ்சுகள். உள்ளே தூண் ஒன்றுகூடக் கிடையாது. கூரை மடித்த காகிதம் போலத் தானே நிற்கும். சுவருக்குப் பூச்சு இல்லை. கான்கிரீட் வார்க்க அச்சாக நிறுத்திய சென்ட்ரிங் பலகையின் ரேகை அப்படியே சுவரில் பதிந்திருக்கும். "கோயிலா, குடோனா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பலகைகளை அடித்து நிறுத்தியவர் சென்ட்ரிங் மேஸ்திரி.

கடைசிச் சுவருக்குக் கான்கிரீட் போடும் காலையில் பலகை குறைந்தது. கலவையோ தயார். மேஸ்திரி வீட்டுக்கு ஓடிச் சமையலறைக் கதவைக் கழற்றினார்.

"கதவைத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு வாரத்துல திரும்பிடும்."

"அதுல பாப்பா கோடு இருக்குங்க."

"எனக்குத் தெரியாதா?"

ஒரே மகள். பிறந்தநாள் தோறும் கதவில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் கத்தியால் ஒரு கோடு கீறுவார்கள். நாலு கோடு. ஐந்தாவதற்குள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

எண்ணெய் தடவாத பலகையைக் கான்கிரீட் விடாது. இந்த வேலைக்கு வந்த முதல் நாளே எல்லோரும் கற்றுக்கொள்வது இது. மற்ற பலகைகளுக்கெல்லாம் பழைய எஞ்சின் ஆயிலைத் தேய்த்தவருக்கு, அந்தக் கோடுகள் மேல் கறுப்பு எண்ணெயைத் தேய்க்கக் கை வரவில்லை. கதவு சில்லு சில்லாகத்தான் பெயர்ந்து வந்தது. மனைவி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, சுவரைத் தடவிப் பார்த்தாள். கதவில் பள்ளமாக இருந்த நாலும் சுவரில் மேடாக இருந்தன. அன்றிலிருந்து அவளுக்கு அந்தச் சுவரோர இடம்தான். "அக்காவுக்கு ஃபேனுக்கு அடியிலதான் பக்தி வரும்" என்று கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வாள்.

நாற்பது வருஷம் கழித்துச் சுவரில் மழை கசிந்தது. பூசை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே கூட்டம். உள்ளும் புறமும் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிடலாம் என்றார்கள். கூட்டத்தில் வாயே திறக்காத மேஸ்திரி எழுந்தார்.

"பூசாதீங்க ஃபாதர். அதுல என் தப்பு ஒண்ணு இருக்கு."

"தப்பை மறைக்கத்தானே மேஸ்திரி பூசுறதே!" யாரோ சிரித்தார்.

"எண்ணெய் போடாம வீட்டுக் கதவை வெச்சுட்டேன்..."

மனைவி சாமியாரைச் சுவரோரம் அழைத்துப்போய், அவர் கையைச் சுவரில் வைத்தாள். "இது எங்க பாப்பாவுக்கு ஒரு வயசு. இது ரெண்டு. மூணு. நாலு."

சாமியாரின் விரல் அடுத்ததைத் தேடி மேலே போய், ஒன்றும் தட்டுப்படாமல் நின்றது.

பூச்சு வேண்டாம் என்று முடிவானது. ரேகை தெரியும்படி, நீர் புகாத மருந்து அடிக்க ஆள் வந்தார். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இதை மட்டும் விட்டுடவாம்மா?"

"எதுக்கு விடணும்? ரெண்டு தடவையா அடிங்க தம்பி. அவ மட்டும் நனையணுமா?"